சுவரிலிருந்து ஒரு சாண்

ஜனவரி 6
டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கும் எடையை நிமிர்ந்து தூக்குவதில், 100 கிலோவை அலுங்காமல் தூக்கிவிடுகிறேன். என் சொந்த 70 கிலோவைக் கையில் நிறுத்த வரவில்லை. குதிகால் சுவரில் சாய்ந்திருக்கும்வரை நான் ராஜா. ஒரு சாண் விலகினால் போச்சு. 'தலைகீழா நின்னாலும் முடியாது' என்பார்கள். இங்கே தலைகீழாக நிற்பதே அல்லவா முடியவில்லை!

ஜனவரி 9
விழுந்தேன். கால் தலையைத் தாண்டிப் போய், முதுகு தரையில் 'தொப்'. அடியைவிட பயம்தான் அதிகம். பயந்தவன் அரைமனதாகத்தான் காலை உதைப்பான், அந்த உதைப்புக்குக் கால் உச்சிக்கே வராது. அதனால் இன்று முழுக்க இறங்கப் பழகினேன். கால் தாண்டுகிறது என்று தெரிந்த நொடியில் ஒரு கையை எடுத்து முன்னால் வைத்து, இடுப்பைத் திருப்பி, ஒவ்வொரு காலாகத் தரைக்கு. 20 தடவை.

ஜனவரி 15
மணிக்கட்டு விண் விண் என்கிறது. முழு எடையும் 90 டிகிரி மடங்கிய மூட்டில் இறங்கினால் வேறென்ன ஆகும்? தசை சீக்கிரம் தேறிவிடும், தசைநாண்கள் மெதுவாகத்தான் பழகும். இரண்டு நாள் ஓய்வு. எரிச்சல்.

ஜனவரி 22
போனைத் தரையில் சாய்த்து உள்ளங்கையை மட்டும் படம் பிடித்தேன். இத்தனை நாள் தோள்தான் வேலை செய்கிறது என்று நினைத்திருந்தேன். படத்தில் விரல்கள் ஓயவே இல்லை. கால் முதுகுப் பக்கம் சாயும்போது விரல் நுனிகள் தரையைக் கவ்வுகின்றன, நகங்கள் வெளுக்கின்றன, உடம்பு திரும்பி வருகிறது. வயிற்றுப் பக்கம் சாய்ந்தாலோ உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டுமே மிச்சம். மணிக்கட்டுக்குப் பின்னால் கை என்று ஒன்று இல்லையே, எதை வைத்து நெம்புவது? காலில் நிற்கும்போதும் இதே கதைதான்: கணுக்காலுக்கு முன்னால் நீளம், பின்னால் குதிகால் மட்டும். ஆக, எடையைக் கொஞ்சம் விரல் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். நான் இத்தனை நாள் பயத்தில் எதிர்ப்பக்கமே நின்றிருக்கிறேன்.

ஜனவரி 23
சுவரில் சாயாமல் 4 விநாடி!

பிப்ரவரி 3
முதுகு வில்லாக வளைகிறது. அந்தக் காலத்துப் பலசாலிகள் அப்படித்தான் நின்றார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தோளைக் காதுவரை தள்ளி, விலா எலும்பை உள்ளே இழுத்தால் நேராகிறது. ஆனால் விரலைக் கவனித்தால் விலா மறக்கிறது, விலாவைக் கவனித்தால் விரல்.

பிப்ரவரி 11
சோவியத் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் ஆல்பர்ட் அசாரியன் வளையங்களில் சிலுவை போல் நிற்கும் பழைய படத்தைப் பார்த்தேன். 1956 மெல்போர்ன், 1960 ரோம், இரண்டு ஒலிம்பிக்கிலும் வளையத்தில் தங்கம். அது தொங்குகிற வளையம், என்னுடையது அசையாத தரை. போட்டியில் ஒரு நிலையை 2 விநாடி நிறுத்த வேண்டும். இரண்டுதானே என்று முன்பு சிரித்திருப்பேன். ஆனால் அது ஆடாத 2 விநாடி. என் நாலு விநாடியில் ஆடாதது அரை விநாடிகூட இருக்காது.

பிப்ரவரி 19
11 விநாடி. பார்வை இரண்டு கைக்கும் நடுவே ஒரு கீறலில். தலைக்கனத்தில் அடுத்த தடவை கண்ணை மூடிப் பார்த்தேன். அந்தக் கீறல் மறைந்ததுமே எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது விரலுக்குத் தாமதமாகத்தான் எட்டியது. அது அழுத்துவதற்குள் கால் தரையில்.