சிடிசி மட்டும் பார்த்தா போதுமா?

பெங்களூருல வேலை மாறுற நம்ம ஆளுங்க சிடிசியை, அதாவது கம்பெனி தர்ற மொத்த வருஷச் சம்பளக் கணக்கைத் திருப்பித் திருப்பிக் கூட்டிப் பார்ப்பாங்க. யாருக்கு ரிப்போர்ட் பண்ணப் போறோம்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க. டீமுக்கு டீம் ஊழியர் ஈடுபாடு மாறுறதுல குறைஞ்சது 70 சதவீதம் மேனேஜரைப் பொறுத்ததுன்னு கேலப்ங்கிற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2015-லயே சொல்லிடுச்சு. ஒயிட்ஃபீல்டுல ஒரே மாடி, ஒரே எச்.ஆர். பாலிசி, ஒரு டீம் ஆறரைக்கு கேப் ஏறும், பக்கத்து டீம் ராத்திரி பதினொண்ணுக்கும் ஃபோன் மீட்டிங்குல இருக்கும்.

கடைசி ரவுண்டுல மேனேஜர்கிட்டயே கேளுங்க: "ஒன்-ஆன்-ஒன் (நீங்களும் நானும் மட்டும் பேசுற மீட்டிங்) எத்தனை நாளைக்கு ஒரு தடவை? இந்த இடம் ஏன் காலியாச்சு?" ரெண்டாவது கேள்விக்கு மழுப்பினா உஷார்.

சேர்ந்த பிறகு இந்த ஒன்-ஆன்-ஒன் வாரம் 30 நிமிஷம் போதும். ஆனா அதுவும் ஜிரா டிக்கெட் (வேலைப் பட்டியல் சாஃப்ட்வேர்ல இருக்குற ஒவ்வொரு வேலை) விசாரணையாப் போயிடுச்சுன்னா வீண்.

எல்லா மேனேஜர்களும் உட்கார்ந்து ஊழியர்களோட ரேட்டிங்கைச் சமன்படுத்துற கூட்டத்துல நீங்க இருக்க மாட்டீங்க, உங்களுக்காகப் பேச வேண்டியது உங்க மேனேஜர்தான். கையில குறிப்பு இல்லாத மேனேஜர் அங்க வாயே திறக்க மாட்டார். அதனால மாசக் கடைசியில அஞ்சு வரி மெயில் போடுங்க: என்ன செஞ்சீங்க, அதால என்ன மாறுச்சு. "கடுமையா உழைச்சேன்" எல்லாம் அங்க செல்லாது (உண்மையாவே உழைச்சிருந்தாலும்!).

அப்புறம் லீவு. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடி திறக்குது. பொங்கலுக்கு நவம்பர் நடுவுலயே அப்ரூவல் வேணும். "பார்க்கலாம்"னு ஜனவரி வரை இழுக்குற மேனேஜர் வாய்ச்சா, மடிவாளாவுல ஆம்னி பஸ்காரர் சொல்றதுதான் விலை.