வார இறுதியில் யூனிஃபார்ம், வாரநாளில் ஜோக்: ஆர்மி ரிசர்வில் இருந்தபடி காமெடி எழுத

அமெரிக்க ஆர்மி ரிசர்வில், அதாவது பகுதிநேர ராணுவப் படையில், இருப்பவர்கள் காமெடி எழுத வரும்போது முதலில் கேட்கும் கேள்வி, "நேரத்துக்கு எங்கே போவது?" என்பதுதான். நேரம் இருக்கிறது. மாதத்தில் ஒரு வார இறுதியும் வருடத்தில் இரண்டு வாரமும் போனால் மற்ற நாளெல்லாம் உங்களுடையது. சிக்கல் தேதியில். ராணுவம் பல மாதம் முன்பே தேதி குறித்துவிடும், காமெடி உலகமோ "நாளை மறுநாள் வர முடியுமா?" என்று கேட்கும். இதில் எது அசையும், எது அசையாது என்று தெரிந்து வைத்திருப்பவர்தான் தாக்குப்பிடிக்கிறார்.

முடியுமா என்ற சந்தேகமே வேண்டாம். காமெடி நடிகர் ராப் ரிகிள் 1990-ல் அமெரிக்க மரீன் கோர் படையில் சேர்ந்தவர். பிறகு அதன் ரிசர்வுக்கு மாறி, நியூயார்க்கில் இம்ப்ரூவ் (ஸ்கிரிப்ட் இல்லாமல் அந்தக் கணத்தில் நடிக்கும் காமெடி) மேடைகளில் பழகி, 2004-ல் 'சாட்டர்டே நைட் லைவ்', 2006-ல் 'டெய்லி ஷோ' என்று டிவி காமெடி ஷோக்களுக்குப் போனார். படையிலிருந்து ஓய்வு பெற்றது 2013-ல், லெப்டினன்ட் கர்னலாக. அவர் பெயர் ஊருக்குத் தெரியத் தொடங்கியது ரிசர்வில் இருந்த ஆண்டுகளில்தான்.

முதலில் நாள்காட்டியைச் சரிசெய்யுங்கள். ரிசர்வின் வருடம் அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. பேட்டில் அசெம்ப்ளி எனப்படும் மாதாந்திர வார இறுதிப் பயிற்சி வழக்கமாக 4 அமர்வு கொண்டது. ஒவ்வொன்றும் குறைந்தது 4 மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம். வருடத்துக்கு 48 அமர்வு. அதற்கு மேல் ஆன்யுவல் டிரெய்னிங் என்ற அந்த இரண்டு வாரப் பயிற்சி, பெரும்பாலும் கோடையில். யூனிட்டின் பயிற்சி அட்டவணை கையில் வந்த அன்றே எல்லாத் தேதிகளையும் எழுத்து நாள்காட்டியில் சிவப்பில் குறியுங்கள். முந்தைய வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக் குறியுங்கள். பை கட்டுவதும் பயணமும் அந்த நாளைத் தின்றுவிடும்.

அனுமதி இல்லாமல் வராமல் போனால் கணக்கு வார இறுதியாக அல்ல, அமர்வாக ஏறும். 12 மாதத்துக்குள் 9 சேர்ந்தால் 'ஒழுங்காகப் பங்கெடுக்காதவர்' பட்டியலில் பெயர் வந்துவிடும். இரண்டு வார இறுதி தவறினாலே 8. மூன்றாவது மாதம் சனிக்கிழமை காலை தாமதமாக எழுந்தால் கதை முடிந்தது. பதவி இறக்கமும் விலக்கலும் இங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே ஒரு ஷோவுக்காக வார இறுதியைத் தவறவிடுவது, "ஒரு தடவைதானே" என்று செய்யும் காரியம் அல்ல.

அதற்கு வழி இருக்கிறது. மாற்றுப் பயிற்சி நாள் கேட்கலாம், யூனிட்டில் 'ஆர்எஸ்டி' என்பார்கள். தேதிக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும், கமாண்டர் ஒப்புதல் தர வேண்டும். யூனிட் அட்மினிஸ்ட்ரேட்டரிடம் பல வாரம் முன்பே போய், "இந்தத் தேதிக்குப் பதில் இந்தத் தேதி, அன்று இந்த வேலையை முடித்துத் தருகிறேன்" என்று மாற்று நாளையும் வேலையையும் நீங்களே சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். துப்பாக்கிச் சுடுதல், உடல்தகுதித் தேர்வு உள்ள மாதத்தில் கேட்காதீர்கள். அந்த மாதங்களில் எல்லாருமே தேவை.

ஆரம்பகட்டத்தில் மோதல் குறைவு என்பது நல்ல செய்தி. யார் வேண்டுமானாலும் மேடை ஏறக்கூடிய ஓபன் மைக் பெரும்பாலும் வாரநாள் இரவுகளில் நடக்கும், ஆளுக்கு 3 முதல் 5 நிமிடம். வெள்ளி, சனி காசு வாங்கும் ஆட்களுக்கு. உங்களையும் சனிக்கிழமைக்குக் கூப்பிடத் தொடங்கும்போதுதான் உரசல் வரும். அப்போது புக் பண்ணுபவரிடம் முடியாத தேதிகளை முதல் பேச்சிலேயே மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். பின்னால் ஒவ்வொன்றாக ரத்து செய்கிறவரை இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

லேட் நைட் டிவி காமெடி ஷோக்களுக்கு எழுத விரும்புகிறவர் 'பாக்கெட்' எனப்படும் மாதிரி எழுத்துத் தொகுப்பை அனுப்ப வேண்டும். வழக்கமாக 10 முதல் 20 மோனோலாக் ஜோக் (தொகுப்பாளர் தொடக்கத்தில் சொல்வது), இரண்டு மூன்று டெஸ்க் பிட் (அவர் மேசையில் உட்கார்ந்து செய்யும் பகுதி), சில இடங்களில் ஒரு ஸ்கெட்ச் (குறுநாடகம்). கெடு சில நாள்தான், மிஞ்சினால் இரண்டு வாரம். அறிவிப்பு வந்தபின் உட்கார்ந்தால் நடுவில் பேட்டில் அசெம்ப்ளி வந்து நிற்கும். அதனால் செய்தி சாராத டெஸ்க் பிட் குறைந்தது மூன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். மோனோலாக் ஜோக் அந்த வாரச் செய்தியில் பிறக்க வேண்டும், பழசை வைத்து ஒப்பேற்ற முடியாது. தினம் 5 ஜோக் என்ற பழக்கம் அதற்குத்தான். பயிற்சி வாரத்தில் வியாழன் இரவே அனுப்பிவிடுங்கள். ஞாயிறு மாலை களைத்து வந்து திருத்தலாம் என்ற திட்டம் எவருக்கும் பலித்ததில்லை.

இனி ஜோக்குக்கு வருவோம். ராணுவத்தில் இருப்பவருக்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாரக்ஸில் விழுந்து விழுந்து சிரித்த ஜோக் வெளியில் செத்துப்போகும். இதைப் பாருங்கள்:

"காலை 7 மணிக்கு ஃபார்மேஷன். ஃபர்ஸ்ட் சார்ஜண்ட் பிளட்டூன் சார்ஜண்டிடம் 6:45 என்பார், அவர் ஸ்குவாட் லீடரிடம் 6:30 என்பார், அவர் டீம் லீடரிடம் 6:15 என்பார், டீம் லீடர் எங்களிடம் 6 என்பார். கடைசியில் கேப்டன் 9 மணிக்குத்தான் வருவார்."

விஷயம் உண்மை, நல்ல விஷயமும்கூட. ஆனால் ஐந்து பதவிப் பெயர். கேட்பவர் யாருக்கு யார் மேல் என்று கணக்குப் போடுவதிலேயே களைத்துவிடுகிறார். மூன்றாம் படியிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது, நாம் நான்காவதையும் சொல்கிறோம். எல்லாவற்றையும் விட, சிரிப்பு வரவேண்டிய '9' நடுவில் மாட்டிக்கொண்டு, அதன் பின்னால் இரண்டு சொல் இழுபடுகிறது. சிரிக்க வாயெடுத்தவர் மீதியைக் கேட்க நிறுத்திக்கொள்கிறார். திருத்தினால்:

"ஏழு மணிக்கு வரிசையில் நிற்கணும் என்றார் கேப்டன். கால் மணி முன்னாடியே வா என்றார் ஒருத்தர். அதுக்கும் கால் மணி முன்னாடி என்றார் இன்னொருத்தர். இருட்டில் போய் நின்றோம். கேப்டன் வந்தபோது மணி ஒன்பது."

இப்போது ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் பார்ப்பவரும் ஹோட்டலில் வேலை செய்பவரும் தன் முதலாளியை அதில் பார்ப்பார். தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தத் திருப்பம் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போதும் விதி ஒன்றே, அடிக்கும் சொல் கடைசிச் சொல். ஒரு ஜோக்கில் ராணுவச் சுருக்கப்பெயர் ஒன்றுக்கு மேல் வேண்டாம். விளக்கம் சொல்லத் தேவைப்பட்டால் அந்த ஒன்றும் வேண்டாம்.

குறிப்பெடுக்கச் சட்டைப்பைக்குள் அடங்கும் தனி நோட்டு வையுங்கள். பணிக் குறிப்பு நோட்டிலேயே ஜோக்கும் எழுதினால் பின்னால் எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று பிரிக்க முடியாமல் போகும். அலுவலகக் கணினி, அலுவலக மின்னஞ்சல் எதிலும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். யூனிட் பெயர், இடம், புறப்படும் தேதி, ஆள் எண்ணிக்கை, கருவியின் குறைபாடு ஆகியவை எந்த ஜோக்கிலும் வரக்கூடாது. அவை இல்லாமலே ஜோக் நிற்கும். பில் மால்டின் 1940-ல் அரிசோனா நேஷனல் கார்டில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போரில் அவர் வரைந்த கேலிச்சித்திரங்கள் சேறு, ஈரம், தூக்கமின்மை பற்றியவை. ஜெனரல் பேட்டன் நேரில் அழைத்துக் கண்டித்தது படங்களில் இருந்த அழுக்கு முகங்களுக்காக, ரகசியம் வெளியானதற்காக அல்ல. அது நடந்த அதே ஆண்டு, 1945-ல், மால்டினுக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

யூனிஃபார்ம் போட்டு மேடை ஏறக்கூடாது. வெளிவேலைக்கும் வியாபாரத்துக்கும் அதை அணிய விதி இடம் தருவதில்லை. அதிகாரிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ராணுவச் சட்டத்தின் 88-வது பிரிவு, அதிபர், துணை அதிபர், காங்கிரஸ், பாதுகாப்பு அமைச்சர் போன்றோரை அவமதிக்கும் சொற்களைக் கமிஷன் பெற்ற அதிகாரி பேசுவதைக் குற்றமாக்குகிறது. பயிற்சி நாளில் ரிசர்வ் ஆளும் அந்தச் சட்டத்துக்குள்தான். சனி காலை தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்த அரசியல் ஜோக்குகள் இருந்தால் வெள்ளி இரவே நிறுத்திவிடுங்கள். அரசியல் மோனோலாக் எழுதும் வேலை கிடைத்தால் முதலில் 'ஜாக்' எனப்படும் ராணுவ வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

வேலைப் பாதுகாப்புக்கு 1994-ம் ஆண்டின் 'யூஸெர்ரா' சட்டம் இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வேலை இருக்க வேண்டும். 31 நாளுக்குக் குறைவான பணி என்றால், வீடு திரும்பி 8 மணி நேர ஓய்வுக்குப் பின் வரும் அடுத்த வேலை நேரத்தில் ஆஜராக வேண்டும். இது ஊழியர்களுக்கு மட்டும். ஜோக்குக்கு இவ்வளவு என்று இன்வாய்ஸ் கொடுக்கும் ஃப்ரீலான்ஸருக்குப் பாதுகாப்பு கிடையாது. ஒரு ஷோவின் ரைட்டர்ஸ் ரூமில் (எழுத்தாளர் குழுவில்) ஊழியராகச் சேர்ந்தாலும், வேலை குறுகிய காலத்துக்கானது, தொடரும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இல்லை என்று நிரூபித்தால் முதலாளி தப்பிக்க முடியும். எனவே ஒப்பந்தத்தில் எத்தனை வாரம், நீட்டிப்பு எப்படி என்ற வரிகளைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். தகராறு வந்தால் 'ஈஎஸ்ஜிஆர்' அமைப்பு இலவசமாக மத்தியஸ்தம் செய்யும்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. புது எழுத்தாளரை ஊரைவிட்டு அனுப்புவது பெரும்பாலும் மருத்துவச் செலவு. பயிற்சிக்கு வரும் ரிசர்வ் ஆளுக்கு டிரைகேர் ரிசர்வ் செலக்ட் காப்பீடு குறைந்த மாதக் கட்டணத்தில் கிடைக்கிறது. செயலற்ற ரிசர்வான 'ஐஆர்ஆர்' பக்கம் மாறினால் அது போய்விடும். எழுத்தாளர் சங்கக் காப்பீட்டுக்கு வருமான வரம்பு உண்டு, அதைத் தொட்ட நாளே காப்பீடு தொடங்கிவிடாது. முதல் பெரிய வேலை கிடைத்த உற்சாகத்தில் படையை விட நினைப்பவர், சங்கக் காப்பீடு தொடங்கும் தேதியை எழுத்தில் வாங்கிய பிறகே மாற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.