செகாம்பூட்டில் ஒரு கருப்பு வாளி

2024 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூரின் செகாம்பூட் தொழிற்பேட்டைக் கொட்டகையில் பழைய ஐஸ்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே கருப்பு பீர் புளிக்க வைத்திருந்த வாளியையே நானும் அண்ணனும் பார்த்துக்கொண்டு நின்றோம். வாளி மூடியில் செருகியிருந்த ஏர்லாக்கில், புளிக்கும்போது வரும் வாயுவை மட்டும் வெளியே விடும் அந்தச் சின்னக் குழாயில், தண்ணீர் அசையவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று, ஒரு குமிழிகூட வரவில்லை.

“சத்தமே காணோமேம்மா,” என்றார் அண்ணன்.

ஈஸ்ட் போட்டு அன்று எட்டாவது நாள். முதல் மூன்று நாளும் பழுப்பு நுரை மூடியை முட்டி, குழாய் வழியாகப் பக்கத்து ஜாடிக்குள் கொட்டியது. ஆறாம் நாள் சற்று அடங்கியது, எட்டாம் நாள் முழுக்க ஓய்ந்துவிட்டது. வேலை முடிந்து ஓய்ந்திருந்தால் கவலையில்லை. ஆனால் மாதிரி எடுத்து, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் 1.044 காட்டியது. வெறும் தண்ணீரில் அது 1.000 காட்டும்; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும். தொடங்கும்போது 1.098. இறங்கி நிற்க வேண்டிய இடம் 1.026 பக்கம். முக்கால் தூரம் வந்து வண்டி நின்றுவிட்டது.

நான் கோலாலம்பூர் வந்தது 2022 நவம்பரில். கோயம்புத்தூரில் உணவு நுண்ணுயிரியல் படித்தவள். இங்கே ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. வீடு செந்தூலில். பக்கத்து வீட்டு அக்கா முதல் வாரம் “பசியாறியாச்சா?” என்று கேட்டபோது, “இன்னும் பசிக்கலக்கா” என்று பதில் சொன்னவள் நான். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதற்கு இங்கே அதுதான் வார்த்தை என்று தெரியவே ஒரு மாதம் ஆனது. என்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அண்ணியின் கணவர்தான் அண்ணன். முறையாக உரிமம் வாங்கிச் சின்ன அளவில் பீர் தயாரிக்கிறார்.

வீட்டிலேயே போட்டுப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. ஆனால் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி இங்கே மது தயாரிக்க உரிமம் வேண்டும். வந்த நாட்டின் சட்டத்தை மீறிச் செய்வதில் எனக்கு விருப்பமில்லை. அண்ணனிடம் சொன்னேன். கொட்டகையின் மூலையில் இருபது லிட்டர் வாளிக்கு இடம் கொடுத்தார். “நீ போடும்மா. நல்லா வந்தா நான் பெருசாப் போடுறேன்,” என்றார்.

இங்கே கருப்பு பீர் என்றால் எல்லாரும் கின்னஸைத்தான் நினைப்பார்கள். பெட்டாலிங் ஜெயாவில் அதைக் காய்ச்சும் சுங்கை வே ஆலை 1960களிலிருந்து இருக்கிறது. என் மனத்தில் இருந்தது அதைவிடக் கனமானது. இம்பீரியல் ஸ்டவுட் என்ற அந்தக் கருப்பு பீர் பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் பிறந்தது. சதக் என்ற பகுதியில் திரேல் குடும்பத்து ஆலை அதை ரஷ்யப் பேரரசி கேத்தரினின் அரண்மனைக்குக் காய்ச்சி அனுப்பியது. 1781இல் அந்த ஆலை கைமாறி பார்க்ளே பெர்கின்ஸ் ஆன பிறகும் அந்தச் சரக்கு நிற்கவில்லை. சாராயச் சத்து மிகுந்தது, நாள்பட நாள்படக் கெடாமல் முதிர்வது. குளிர் நாட்டுப் பொருள்தானே என்று யாராவது சொன்னால் இலங்கையின் லயன் ஸ்டவுட்டைக் காட்டுவேன். 8.8 சதவீதம், நுவரெலியா மலையில் காய்ச்சிப் பெயர் வாங்கியது. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி கொடுத்த அந்தப் பாட்டிலில்தான் எனக்கு இந்த ஆசையே முளைத்தது.

டிசம்பர் 30 அன்று போட்டோம். முளைகட்டி உலர்த்திய பார்லி, ஓட்ஸ், கருக வறுத்த பார்லி எல்லாம் சேர்த்துப் பத்தரைக் கிலோ. 68 டிகிரி வெந்நீரில் ஒன்றேகால் மணி நேரம் ஊறல், பிறகு வடித்து ஒன்றரை மணி நேரக் கொதி. கொதியில், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ. அந்தக் கொட்டகைச் சூட்டில் என் முந்தானை பிழிகிற அளவுக்கு நனைந்துவிட்டது. அதைவிடப் பாடு, ஆறவைப்பது. செப்புச் சுருள் வழியாகக் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டுக் குளிர்விக்கச் சொல்லும் புத்தகங்கள் எல்லாம் குளிர் நாட்டில் எழுதியவை. இங்கே குழாய்த் தண்ணீரே 28 டிகிரி. முப்பதுக்குக் கீழே இறங்க மறுத்தது. ஐஸ்பெட்டிக்குள் இரவெல்லாம் வைத்து, மறுநாள் காலை 18 டிகிரிக்கு வந்த பிறகுதான் ஈஸ்ட் தூவினேன். அவசரப்பட்டு முப்பதில் தூவியிருந்தால் நெயில் பாலிஷ் வாடையும் தொண்டையை எரிக்கும் சாராயமும்தான் மிஞ்சியிருக்கும்.

பிழை நடந்தது அடுத்த கணத்தில்தான். மூன்று பொட்டலம் போட வேண்டிய கனத்துக்கு இரண்டு போட்டேன். ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்தேன், ஊரில் அம்மா கடுகு டப்பாவில் காசு முடிந்து வைப்பதுபோல.

1.044ஐப் பார்த்தபோது இதெல்லாம் உறைக்கவில்லை. ஊறல் சூடு கூடியதால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிகுந்துவிட்டதோ என்றுதான் முதல் சந்தேகம். அப்படியானால் செய்வதற்கு ஒன்றுமில்லை, இனிப்பாகவே குடிக்க வேண்டியதுதான். ஈஸ்ட் களைத்துப் படுத்துவிட்டது என்றால் எழுப்பலாம். எது என்று நாக்கில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. தைப்பூசத்துக்கு அண்ணன் பால்குடம் நேர்ந்திருந்தார், நானும் ஜனவரி 1 முதல் விரதம். அந்த ஆண்டுப் பூசம் 25ஆம் தேதி. அதுவரை ஒரு சொட்டுகூட வாயில் படக்கூடாது. மூக்கும் கண்ணாடிக் குழாயும்தான் துணை.

13ஆம் தேதி சனிக்கிழமை மறுபடி அளந்தேன், 1.042. அதற்கு இரண்டு நாள் முன்பே அண்ணனிடம் சொல்லி ஒரு சோதனை வைத்திருந்தேன். வாளியிலிருந்து ஒரு தம்ளர் அளவு எடுத்து, அதில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைத் தாராளமாகக் கொட்டி, ஐஸ்பெட்டிக்கு வெளியே கொட்டகை வெக்கையிலேயே வைக்கச் சொன்னேன். பத்து நாளாக எந்தச் சூட்டை உள்ளே விடாமல் காத்தோமோ, அந்தச் சூடு அந்தத் தம்ளருக்கு மட்டும் தேவைப்பட்டது. அத்தனை ஈஸ்ட்டும் அத்தனை சூடும் இருந்தால், தின்னக்கூடிய சர்க்கரையை இரண்டு நாளில் தின்று முடித்துவிடும். மிச்சம் நிற்பது எதுவோ அதுதான் அந்தச் சரக்கின் கடைசிக் கணக்கு. வெக்கைக்கான திருத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன், 1.027. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சர்க்கரை இருக்கிறது, ஊறலில் பிழையில்லை. ஆள்தான் பற்றவில்லை.

இதற்கிடையில் அண்ணனின் அப்பா வந்தார். வடித்த பார்லிச் சக்கையைக் கோழிக்கும் வாழைக்கு எருவுக்கும் எடுத்துப் போக அவர் வருவது வழக்கம். பந்திங் பக்கத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், எண்பதைத் தொட்டவர், ஒரு நாளும் குடித்ததில்லை. ஐஸ்பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கள்ளு காலைல எறக்குனா சாயந்தரம் புளிச்சிப் போவும். இது என்ன, மாசக் கணக்குல கெடக்குது?” என்றார்.

தென்னங்கள்ளில் காட்டு ஈஸ்ட் பாளையிலிருந்து சொட்டும்போதே வேலையைத் தொடங்கிவிடும், அதன் சர்க்கரையும் லேசானது என்றேன். இதில் சர்க்கரை பாகு மாதிரிக் கெட்டி. அந்த அடர்த்தியே ஈஸ்ட்டின் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சும், பிறகு அது உண்டாக்கிய சாராயமே அதைத் தாக்கும் என்றேன். கவனமாகக் கேட்டார். பிறகு வேறொன்று சொன்னார்.

“எங்க தோட்டத்துல சம்பளம் போடுற எடத்துக்கும் கள்ளுக்கடைக்கும் கூப்புடு தூரம். எங்கப்பா கையில காசு வந்தா வீட்டுக்கு வராது. அம்மா எங்கள அனுப்பி வழியில நிக்க வைப்பாங்க.”

நான் பேசவில்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்கள் கூலி உயர்வோடு சேர்த்து வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. ஊரில் இருந்தவரை எனக்கு இது தெரியாது. இங்கே நம் ஆட்களிடம் சரக்கைப் பற்றி விளையாட்டாகப் பேசியிருக்கிறேன், அந்தப் பேச்சு யார் வீட்டில் போய் விழுகிறது என்று அறியாமல். பெரியவர் என்னைக் கண்டிக்கவில்லை. சக்கை மூட்டையை மோட்டோவில் ஏற்றிக்கொண்டு, “நீ படிச்ச புள்ள, அளந்து செய்வ,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையை நான் இன்றும் சுமக்கிறேன்.

அன்றே, எடுத்து வைத்திருந்த மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்தேன். நேராக வாளியில் கொட்டினால் ஏழு சதவீதச் சாராயத்தில் விழுந்து அப்படியே சுருண்டுவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மால்ட் கரைசல் கொஞ்சம் கொடுத்து, அதில் நுரை பொங்கி நிற்கும் வேகத்தில், மறுநாள் ஞாயிறு மாலை வாளிக்குள் ஊற்றினேன். சூட்டை 22க்கு ஏற்றினேன். அடியில் படிந்த வண்டல் எழும்ப வாளியை மெல்ல ஆட்டினேன், காற்றுப் புகாமல்.

திங்கள் பொங்கல். அடுப்பில் பால் வைத்திருந்தபோது அண்ணனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ஏர்லாக்கில் ஒரு குமிழி. நான் எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு விநாடிக்குப் பிறகு இன்னொன்று.

அதன் பிறகு எல்லாம் ஆமை நடை. வாரத்துக்கு நாலைந்து புள்ளிதான் (ஒரு புள்ளி 0.001) இறங்கியது. வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்பட்ட இரவும், 272 படிகளில் அண்ணன் பால்குடத்தோடு ஏறிய காலையும், விரதம் முடித்து நாங்கள் சாப்பிட்ட மதியமும் அது தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் 1.027. ஒரு வாரத்தில் மூன்று தடவை அளந்தும் அதே எண். அப்படி நிலைத்து நிற்காமல் பாட்டிலில் அடைத்தால் உள்ளே மறுபடி புளித்துப் பாட்டில் வெடிக்கும். இதில் நான் யாருக்கும் சலுகை தர மாட்டேன். கணக்குப் போட்டால் 9.3 சதவீதம். பிப்ரவரி கடைசியில் 48 பாட்டில் அடைத்தோம்.

முதல் பாட்டிலை மூன்றாம் மாதம் திறந்தோம். கரிச் சுவையும் சாராயக் காரமும் தனித்தனியாக நின்றன. மூடி வைத்துவிட்டோம்.

அக்டோபர் 31, தீபாவளி. அண்ணி வீட்டில் இன்னொன்று திறந்தோம். தம்ளரில் கறுப்பாக இறங்கி, மேலே வெல்லப்பாகு நிறத்தில் நுரை கட்டியது. உலர்திராட்சை, காப்பி, அடியில் ஒரு மெல்லிய கசப்பு. காரம் அடங்கி, விழுங்கிய பிறகு நெஞ்சில் ஒரு கதகதப்பு மட்டும் தங்கியது. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணியிடம் தம்ளரை நீட்டினார்.

பெரியவர் வாங்கி முகர்ந்து மட்டும் பார்த்தார். “கருப்பட்டி காய்ச்சுன சட்டி மாதிரி இருக்கு,” என்று திருப்பிக் கொடுத்தார். முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “அடுத்தது எப்பம்மா போடுற? கோழிக்குச் சக்க தீந்து போச்சு,” என்றார்.