ஒகேனக்கல் போக நாலு ஷாக் அப்சார்பர்

மீன் குழம்பைப் பற்றித்தான் முதலில் எழுத ஆசை. ஆனால் நேற்று ராத்திரி சென்னை வந்து இறங்கியபோது யாருக்கும் இடுப்பு வலிக்கவில்லை, சின்னவள் வழியில் எங்கேயும் வாந்தி எடுக்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு இது புது அனுபவம். அதனால் ஷாக் அப்சார்பர் முதலில். ரூட், சாப்பாடு, செலவு எல்லாம் வரிசையாக அப்புறம் சொல்கிறேன்.

வண்டி 2014 ஸ்கார்பியோ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓடோமீட்டர் ஒரு லட்சத்துச் சொச்சம் காட்டுகிறது, நம்புகிறவர்கள் நம்பலாம். இஞ்சின் நன்றாக இருக்கிறது, ஏசி நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் பின்பக்கம் ஒரு தடவை எழும்பி அடங்காது, இன்னும் ரெண்டு தடவை துள்ளிவிட்டுத்தான் நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். கடைசி சீட்டில் உட்காரச் சொன்னால் என் அம்மா "நான் பஸ்ல வரேன்பா" என்று சொல்லிவிடுவார்.

சென்னையில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் விசாரித்தேன். வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. லிஃப்ட் கிட் போட்டு ரெண்டு இன்ச் தூக்கிவிடலாம், அப்புறம் பெரிய டயர், எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் என்றார்கள். வண்டியின் உயரம்தான் ஏற்கனவே என் அம்மாவுக்குப் பிரச்சினை, அதை இன்னும் தூக்கவா? தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொன்னது. நாளைக்கு ஒரு விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் பேசப்போவது அந்தக் கடைக்காரர் இல்லை, நான்தான்.

மனைவியின் ஊர் பென்னாகரம். லீவுக்கு எப்படியும் போக வேண்டும். மச்சினன் போனில், "மாமா, அங்க எதையும் மாட்டாதீங்க, தருமபுரில நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரு, வாங்க" என்றான். பள்ளிகொண்டா, வாணியம்பாடி என்று டோல் வரும்போதெல்லாம் ஃபாஸ்டேக் கழிந்த மெசேஜ் மனைவியின் போனுக்குப் போகும், அவள் அதைச் சத்தமாகப் படிப்பாள். கிருஷ்ணகிரியில் தெற்கே திரும்பி 44-ஆம் எண் நெடுஞ்சாலை பிடிக்கும்வரை இதுதான் நடந்தது. வேறு எழுத எதுவும் இல்லை.

தருமபுரியில் அந்தப் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. போர்டுகூட இல்லை. மெக்கானிக் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார், பின் பம்பர் மூலையில் உள்ளங்கையை வைத்து முழு எடையோடு அமுக்கி விட்டார். வண்டி எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பியது. "ஒரு தடவை மேல வந்து நின்னுடணும் சார். இது ஊஞ்சல் ஆடுது." பிறகு டேப் எடுத்து சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நாலு மூலையிலும் அளந்தார். இடம் வலம் சமமாக இருந்தது. "ஸ்பிரிங் தளர்ந்து உக்காரல. அதுக்குச் செலவு பண்ணாதீங்க" என்றார். எண்பதாயிரத்தில் பாதி அந்த ஒரு வார்த்தையில் மிச்சம்.

ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு என்பதை அவர் சொன்ன விதத்தில்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். ஷாக் போய்விட்டால் எவ்வளவு நல்ல ஸ்பிரிங்காக இருந்தாலும் வண்டி துள்ளும். கழற்றிய பழைய ஷாக்கை என் கையில் கொடுத்து "அமுக்குங்க" என்றார். எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி படிந்து கருப்புக் களிம்பாக இருந்தது. ராடு எந்த எதிர்ப்பும் இல்லாமல் சர்ரென்று உள்ளே போனது, போனது போனதுதான், வெளியே வரவே இல்லை. பிறகு புது கேஸ் ஷாக்கைப் பிரித்து அதைக் கட்டியிருந்த பட்டையை வெட்டினார். ராடு தானாக, மெதுவாக, முழு நீளத்துக்கும் நீண்டது. உள்ளே நைட்ரஜன் அழுத்தம் இருக்கிறது. மலைப்பாதையில் தொடர்ந்து ஓடும்போது எண்ணெய் சூடாகி நுரைத்துவிட்டால் ஷாக் வேலை செய்யாது. அந்த நுரையைக் கட்டுப்படுத்தத்தான் கேஸ். நான் கேப்ரியல் கம்பெனி ஷாக் போட்டேன், நாலும் புதுசு. ஒன்றை மட்டும் மாற்றினால் இடமும் வலமும் வேறு வேறு மாதிரி ஆடும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

அந்த 'டொக்' சத்தம் ஷாக்கில் இல்லை, லோயர் ஆர்ம் புஷ்ஷில், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற கீழ்க் கையின் ரப்பர் மூட்டில். லிவரை வைத்து நெம்பிக் காட்டினார், ரப்பர் பிளந்து வாயைத் திறந்தது. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிற கம்பியைப் பிடித்திருக்கும் லிங்க் ராடும் லொடலொடத்தது. எல்லாம் மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ புஷ் போல்ட்டுகளை லூசாகவே விட்டு, ஜாக்கியை இறக்கி, வண்டியைத் தரையில் நிறுத்தி, அப்புறம் அடியில் படுத்துக்கொண்டு டைட் வைத்தார். சக்கரம் தொங்கும்போது டைட் வைத்தால், வண்டி தரையில் உட்காரும்போது புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். பெரிய பெரிய ஷோரூமில் லிஃப்டில் தொங்கவிட்டபடியே முறுக்கி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆளுக்கு ஒரு போர்டு வைத்துக் கொடுக்க வேண்டும்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகுகிற ரப்பர் பஃபர் போடலாமா என்று கேட்டேன், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று. "அந்தச் சுத்து வேலை செய்யாது, அந்தப் பளு மத்த சுத்துங்க மேல போகும். வேணாம் சார்" என்று முடித்துவிட்டார். டயர் காற்றும் குறைத்தார். பெட்ரோல் பங்கில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்துவிடுகிறார்கள். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை யாரும் பார்ப்பதில்லை. பாதிக் குலுக்கல் அதிலேயே வருகிறது.

பில்: நாலு ஷாக் 13,200. புஷ், லிங்க் ராடு 4,600. கூலி 3,500. டவுனில் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்ஸிங் 1,200. மொத்தம் 22,500. லோயர் ஆர்மைக் கழற்றி மாட்டினால் அலைன்மென்ட் கட்டாயம், அதில் கஞ்சத்தனம் பண்ணினால் புது டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

அப்புறம் ஒகேனக்கல். பென்னாகரத்திலிருந்து காட்டுக்குள் இறங்குகிற மலைப்பாதை, வளைவுக்கு வளைவு குரங்குகள். போன முறை இதே வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அது நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பின் சீட்டில் பிளாஸ்டிக் கவர் கைமாறிக்கொண்டே இருக்கும். இந்த முறையும் சாய்ந்தது, உயரமான வண்டி, சாயத்தான் செய்யும். ஆனால் சாய்ந்த வேகத்தில் நிமிர்ந்தது. அம்மா கடைசி சீட்டிலிருந்து கதை சொல்லிக்கொண்டு வந்தார். நான் வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கினேன். 'டொக்' இல்லை. மனைவி முறைத்தாள்.

மீன் கடைகளில் நீங்களே மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கே சமைக்கிற பெண்கள் குழம்பும் வறுவலும் செய்து கொடுப்பார்கள். முதலிலேயே கூலி பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் கட்லா வாங்கினோம். அம்மியில் அரைத்த மசாலா, நல்ல புளிப்பு, கூடவே ராகிக் களி. களியைக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. சென்னைப் பிள்ளைகள் மென்று பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டு ரெண்டாவது உருண்டை கேட்டார்கள். இந்த ஒரு சாப்பாட்டுக்காகவே போகலாம்.

பரிசல்தான் எரிச்சல். கவுண்டரில் டிக்கெட் வாங்கிய பிறகும், நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு "பார்த்துக் குடுங்க" என்றால் என்ன செய்வது? அந்த மனிதரின் உழைப்புக்கு நூறு ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம், கரைக்கு வந்து கேட்டால். போவதற்கு முன், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எவ்வளவு என்று செய்தியில் பார்த்துவிடுங்கள். வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், குளிக்கவும் விடமாட்டார்கள்.

திரும்பும்போது கிருஷ்ணகிரியில் மாம்பழம் வாங்காமல் வர முடியுமா? பெங்களூரா ரெண்டு பெட்டி, அல்போன்சா ஒரு பெட்டி. விலை பேசும் வேலை மனைவியுடையது, நான் வாயைத் திறந்தால் விலை ஏறும். பெட்டிகள் பின்னால், அதற்கு முன்னால் அம்மா, மாமியார் கொடுத்தனுப்பிய ராகி மூட்டை வேறு. இவ்வளவு பளுவோடு ஸ்பீடு பிரேக்கர் இறங்கியபோது பின்பக்கம் ஒரே ஒரு தடவை அமுங்கி நின்றது.

பின் ஸ்பிரிங்கை அடுத்த வருஷம் திரும்ப அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக் அண்ணன். 2029-இல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அதற்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும். லிஃப்ட் கிட்டுக்கு வைத்திருந்த பணத்தில் மிச்சம் இருப்பதைப் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் இந்த மாதமே கேட்கிறது.