மற்ற நாள்களில் அவருக்கு என்ன வேலை?

எண்பதுகளின் இறுதியில் ஓர் ஆனி மாதம், எங்கள் வரலாற்று ஆசிரியருக்கு நான் எழுதிய கடிதத்தில் ஓர் ஊர்வலத்தை வருணித்திருந்தேன். கேம்பிரிட்ஜுக்கு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. ஆய்வுகூடம் ஒன்றில் தொழில்நுட்பவியலாளர் வேலை. மதிய இடைவேளையில் கிங்ஸ் பரேட் தெருவால் நடந்துபோனபோது, செனட் மண்டபத்துப் புல்வெளியைச் சுற்றியுள்ள இரும்பு வேலியோரம் சனம் கூடி நின்றது. நானும் நின்றேன். கறுப்பு அங்கி அணிந்த இருவர் ஆளுக்கொரு வெள்ளிச் செங்கோலை ஏந்தியபடி முன்னே வந்தார்கள். பின்னால் பொன்சரிகை வேய்ந்த கறுப்பு அங்கியில் பல்கலைக்கழக வேந்தர். அங்கியின் நீண்ட வாலை ஓர் இளைஞன் தாங்கிவந்தான். வேந்தர் எடின்பரோ கோமகன் பிலிப் இளவரசர்.

அதை நான் ஆசிரியருக்கு எழுதியதற்குக் காரணம் இருந்தது. அவர் பேராதனையில் படித்தவர். 1954 சித்திரையில் அந்த வளாகத்தைத் திறந்து வைக்க அதே இளவரசர் எலிசபெத் மகாராணியோடு வந்தபோது, மாணவர் வரிசையில் வெயிலில் நின்றவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், அங்கிகளையும் வரிசைமுறைகளையும் எவ்வளவு கவனமாக ஏற்பாடு செய்தார் என்று உயர்தர வகுப்பில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதே ஜெனிங்ஸ் பின்னர் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி ஹோல் கல்லூரியின் தலைவராகி, 1961 முதல் 1963 வரை கேம்பிரிட்ஜின் துணைவேந்தராகவும் இருந்தார்.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. கொழும்புக்கு வந்த ஒருவரின் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். "தம்பிக்கு, இளவரசரை நானும் பார்த்திருக்கிறேன். செங்கோல் தூக்கி முன்னே போன இருவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர். மற்ற நாள்களில் அவர்களுக்கு என்ன வேலை? அதை அறிந்து எழுதும்."

அந்த ஒரு கேள்வி என்னை இருபது வருடங்களுக்கு மேல் விடவில்லை.

செங்கோல் தூக்குகிறவர்களை அங்கே எஸ்கொயர் பெடல் என்கிறார்கள். தமிழில் கட்டியக்காரர் என்றால் பொருந்தும். இன்று இருவர் இருக்கிறார்கள். முன்பு மூவர் இருந்தார்கள், அவர்களுக்குக் கீழே யோமன் பெடல் என்றும் ஒருவர். அவர்கள் ஏந்தும் வெள்ளிச் செங்கோல்கள் 1626 இல் வேந்தராகத் தெரிவான பக்கிங்ஹாம் கோமகன் ஜார்ஜ் வில்லியர்ஸ் கொடுத்தவை. நாடாளுமன்றத்தில் அவர்மேல் குற்றச்சாட்டு நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே அந்தத் தெரிவு நடந்தது. இரண்டு வருடத்தில் போர்ட்ஸ்மத் நகரில் அவரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள்.

பதவியோ செங்கோல்களைவிட மிகப் பழையது. 1209 இல் ஒக்ஸ்போர்ட்டை விட்டு ஓடிவந்த மாணவர்களும் ஆசிரியர்களும் கேம்பிரிட்ஜில் தங்கியதிலிருந்து பல்கலைக்கழகக் கதை தொடங்குகிறது. சொந்தக் கட்டடம் இல்லாத அந்தக் காலத்தில் பெடல்தான் பல்கலைக்கழகத்தின் கால்கள். இன்ன இடத்தில் இன்ன விரிவுரை என்று வாடகை வகுப்பறைகளுக்குப் போய் அறிவித்தவர் அவர். கூட்டத்துக்கு ஆள் அழைத்தவரும், கட்டணமும் தண்டப்பணமும் வசூலித்தவரும், வேந்தரின் நீதிமன்ற ஆணையை வீட்டுவாசலில் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவரே. யாருடைய ஆணையோடு வருகிறார் என்பதற்கு அடையாளமாகவே கையில் கோல் இருந்தது. காலப்போக்கில் அலுவலகமும் தபாலும் வந்து வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. கோல் மட்டும் மிஞ்சியது.

16 ஆம் நூற்றாண்டில் மத்தியூ ஸ்டோக்கிஸ் என்பவர் பெடலாக இருந்துகொண்டே பதிவாளராகவும் இருந்தார். எந்த நாளில் யார் எங்கே நிற்க வேண்டும், எந்த மணிக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று அவர் எழுதிவைத்த குறிப்புகளால்தான் அக்காலச் சடங்குகள் நமக்குத் தெரிகின்றன. கோல் தூக்கியவரே எழுதியும் வைத்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

புரொக்டர் என்ற பதவி நம்மவர்களுக்குக் காதில் பழகிய பெயர். கறுப்புக் கோட்டோடு நீதிமன்றம் போகும் புரொக்டரை எங்கள் பெரியவர்கள் போர்த்துக்கேயர் வழிவந்த சொல்லால் பிரக்கிராசியார் என்பார்கள். இரண்டுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல்: பிறருக்காகக் காரியம் பார்ப்பவர். கேம்பிரிட்ஜில் ஒழுங்கைப் பார்க்க ஆண்டுதோறும் இரண்டு புரொக்டர்கள் பதவியேற்கிறார்கள். கல்லூரிகள் முறைவைத்து ஆள் தருகின்றன. விழா நாள்களில் உயர்ந்த கறுப்புத் தொப்பி அணிந்த காவலர்கள் அவர்களோடு வருவார்கள். இந்தப் பதவியின் உடைமைகளில் ஈட்டிக்கோடரி ஒன்றும், உலோகத்தால் ஆன நீண்ட வெண்ணெய் அளவுகோல் ஒன்றும் உண்டு. கேம்பிரிட்ஜ் சந்தையில் வெண்ணெயை உருட்டி நீட்டி கஜக் கணக்கில் விற்றார்கள். நெய்யைப் போத்தலிலும் அரிசியைக் கொத்திலும் அளந்து வளர்ந்த எனக்கு வெண்ணெயைக் கஜத்தால் அளப்பது விளங்கவே நேரம் எடுத்தது. ஆனால், பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகத்துக்கு வெண்ணெய்க் கோல் எதற்கு?

விடையைத் தேடிப்போனபோது நெஞ்சு கனத்தது.

1381 ஆனியில் இங்கிலாந்தின் குடியானவர்கள் கிளர்ந்தபோது கேம்பிரிட்ஜ் நகரத்தவரும் எழுந்தார்கள். பல்கலைக்கழகத்தின் சாசனங்களையும் ஏடுகளையும் எடுத்துவந்து சந்தைச் சதுக்கத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். மார்ஜரி ஸ்டார் என்ற மூதாட்டி அந்தச் சாம்பலை அள்ளிக் காற்றில் வீசி, படித்தவர்களின் வித்தை ஒழிந்துபோகட்டும் என்று கூவினாராம். சந்தைச் சதுக்கத்தில் மரக்கறி வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாம்பல் எனக்கு நினைவு வரும். 1381 ஆனி. யாழ்ப்பாணத்தில் நமது நூலகம் எரிந்தது 1981 வைகாசி முடிந்து ஆனி பிறந்த இரவு. ஆண்டுக் கணக்கில் சரியாக அறுநூறு. கேம்பிரிட்ஜில் ஏட்டை எரித்தவர்கள் அந்த ஏடுகளில் எழுதப்பட்டிருந்த சலுகைகளின் பாரத்தைச் சுமந்த நகரத்தவர்கள். நமது நூலகத்தின் கதை முற்றிலும் வேறு. இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. இருந்தாலும் அந்த ஆண்டில் உயர்தர வகுப்பில் இருந்த எவராலும் 1381 என்ற எண்ணைச் சும்மா கடந்துபோக முடியாது.

கிளர்ச்சியை அடக்கிய பின் 1382 இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் நகரத்தைத் தண்டித்தார். அப்பம், வைன், பியர் ஆகியவற்றின் தரக்கட்டுப்பாடும், சந்தையின் நிறை அளவைகளும் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போயின. அவற்றைச் சோதிக்கும் வேலை புரொக்டர்களுடையதாயிற்று. அந்த வெண்ணெய்க் கோலின் வேர் அங்கே இருக்கிறது. சொந்தச் சந்தையில் சொந்த வெண்ணெயை விற்க, படித்தவர்களின் கோலுக்குமுன் கடைக்காரன் நின்றான். நகர முதல்வர் பல்கலைக்கழகத்தின் உரிமைகளைக் காப்பதாகச் சத்தியம் செய்யும் வழக்கம் 1856 இல்தான் சட்டத்தால் நின்றது.

புரொக்டர் பதவியின் மிகக் கசப்பான பக்கமும் உண்டு. முதலாம் எலிசபெத் கொடுத்த 1561 சாசனத்தின்படி, மாணவரைக் கெடுக்கக்கூடியவர்கள் என்று சந்தேகப்படும் பெண்களைப் பிடிக்கும் அதிகாரமும் பல்கலைக்கழகத்துக்கு இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் புரொக்டர்கள் தெருவில் பிடித்த பெண்களை ஸ்பின்னிங் ஹவுஸ் என்ற சிறையில் அடைத்தார்கள். துணைவேந்தரே விசாரணை செய்வார், கதவை மூடிக்கொண்டு. 1846 இல் எலிசபெத் ஹவ் என்ற இளம்பெண் அங்கே ஈரப் படுக்கையில் ஒரு குளிர் இரவைக் கழித்து, நோயுற்று இறந்துபோனாள். 1891 இல் பதினேழு வயது டெய்சி ஹொப்கின்ஸ் மேல் சாட்டிய குற்றம், பல்கலைக்கழக உறுப்பினர் ஒருவரோடு நடந்து சென்றாள் என்பதே. அது சட்டத்தில் குற்றமே அல்ல என்று இலண்டன் உயர்நீதிமன்றம் அவளை விடுவித்தது. 1894 இல் அந்த அதிகாரம் முற்றாக எடுக்கப்பட்டது. 1901 இல் கட்டடமும் இடிக்கப்பட்டது. என் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்தத் தெருவால்தான் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். இதை ஆசிரியருக்கு எழுதினேன். "அதிகாரம் போய் அங்கி மட்டும் மிஞ்சியதே நல்லது" என்று பதில் எழுதினார். அவரிடமிருந்து எனக்கு வந்த கடைசிக் கடிதம் அது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் அவரைப் பற்றிச் செய்தி வந்தபோது, வந்தது மரணச் செய்தியாகவே இருந்தது.

ஒக்ஸ்போர்ட்டில் நண்பர் ஒருவர் பட்டம் பெற்றபோது ஷெல்டோனியன் அரங்கில் இன்னொன்றைக் கண்டேன். ஒவ்வொரு பட்டத்துக்கும் முன் புரொக்டர்கள் இருவரும் நடுவழியால் நடந்துபோய்த் திரும்புகிறார்கள். மாணவன் கடைக்காரருக்குக் கடன் வைத்திருந்தால், அந்த நேரத்தில் கடைக்காரர் புரொக்டரின் அங்கியைப் பிடித்து இழுத்து முறையிடலாம் என்பது பழைய வழக்கம். அதே ஒக்ஸ்போர்ட்டில் முதுகலைப் பட்டம் பெறுபவர், மாணவன் ஒருவனைக் கொன்ற ஹென்றி சிமியோன் என்பவனோடு ஒருபோதும் சமாதானம் ஆவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. 13 ஆம் நூற்றாண்டுப் பகை. 1827 வரை அந்தச் சத்தியம் தொடர்ந்தது.

2009 இல் என் மூத்த மகள் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றாள். கல்லூரிகள் தெருவால் அணிவகுத்து வரும் வரிசையில் கிங்ஸ், டிரினிட்டி, சென் ஜோன்ஸ் மூன்றுக்கும் முதலிடம். மற்றவை தொடங்கிய ஆண்டின்படி. மண்டபத்துக்குள் ஒவ்வொரு கல்லூரிக்கும் பிரீலெக்டர் என்ற ஒருவர் இருக்கிறார். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அன்று தகப்பன் நிலையில் நிற்பவர். அவர் வலது கையை நீட்ட, நான்கு மாணவர்கள் ஆளுக்கொரு விரலைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான்கு பேரையும் அப்படியே முன்னே கொண்டுவந்து, இவர்கள் ஒழுக்கத்திலும் கல்வியிலும் தகுதியானவர்கள் என்று லத்தீனில் சொல்லி ஒப்படைக்கிறார். பிறகு ஒவ்வொருவராக மண்டியிட்டுக் கைகூப்ப, துணைவேந்தரின் இடத்தில் இருப்பவர் அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திப் பட்டத்தைச் சொல்கிறார்.

மகள் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விசயதசமி அன்று அவளை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் அவள் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்தவர் என் தகப்பனார். அங்கே பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடித்தார். இங்கே பிள்ளை பெரியவரின் விரலைப் பிடித்தது.

பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்ற தொடரை விரும்பாதவர்கள் அதை விட்டுவிடும்படி முன்கூட்டியே கேட்கலாம். மகள் கேட்டிருந்தாள். 1856 வரை ஆங்கிலத் திருச்சபையை ஏற்காதவருக்குக் கேம்பிரிட்ஜில் இளங்கலைப் பட்டமே கிடையாது. 1871 வரை அந்தத் தடையின் மிச்சம் இருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்கு வந்தது 1870 இல். சைவப் பிள்ளை ஒருவர் அந்த மண்டபத்தில் நின்ற காலத்தை அன்று நினைத்துக்கொண்டேன். பெண்களுக்கு முழுப் பட்டம் அங்கே 1948 இல்தான் கிடைத்தது என்பதையும்.

வெளியே வந்தபோது, ஓய்வாக நின்ற பெடல் ஒருவரிடம் ஆசிரியரின் கேள்வியைக் கேட்டேவிட்டேன். மற்ற நாள்களில் தான் கற்பிப்பதாகச் சொல்லி, ஒரு காலத்தில் இந்தப் பதவி வெறும் தூதுவன் வேலைதான் என்று பணிவோடு சேர்த்துக்கொண்டார். அந்த நொடியில் எனக்கு நமது கல்லூரியின் மணி அடிக்கும் அண்ணை கண்ணுக்குமுன் வந்து நின்றார்.

அவரைப் பலர் நினைவு வைத்திருப்பீர்கள். காலையில் தண்டவாளத் துண்டில் முதல் அடி அவருடையது. அறிவித்தல் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக வருவார். வசதிக் கட்டணம் கட்டாதவர்களின் பெயரை ஒருபோதும் வாசலில் நின்று உரக்க வாசித்ததில்லை. ஆசிரியரின் மேசைக்கருகே குனிந்து மெல்லச் சொல்லுவார். என் பெயரையும் அப்படித்தான் சொன்னார், இரண்டு தவணை. பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினருக்கு முன்னால் வாத்தியக்குழு போகும். அண்ணை கதிரைகளுக்குப் பின்னால், சுவரோரம் நிற்பார். எங்கள் கல்லூரியின் கட்டியக்காரர் அவர்தான்.

சேர், உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில் இது. பிந்திவிட்டது.

பழைய மாணவர் சங்கத்திடம் உள்ள பழைய மலர்கள் அனைத்தையும் கடந்த மாதம் எடுத்துப் பார்த்தேன். அதிபர்கள், பிரதம விருந்தினர்கள், துடுப்பாட்ட அணிகள் எல்லோரின் படமும் இருக்கிறது. அண்ணையின் படம் ஒன்றுகூட இல்லை. ஏதாவது வகுப்புப் படத்தின் ஓரத்தில் அவர் நின்றிருக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அடுத்த மலருக்கு முன் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். அவருடைய முழுப்பெயர் தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள்.