மந்தைக்குப் பின்னால் நடந்த பிறகு

கால்நடை மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம், ஆடு படுத்த பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து மலையடிவாரக் கிராமங்கள். வயிறு உப்பியிருக்கிறது, கழிகிறது என்று கூப்பிடுவார்கள். காய்ச்சல் பார்த்து மருந்து கொடுத்துவிட்டு வருவேன். காலையில் அது எங்கே மேய்ந்தது என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

ஒரு மே மாதம் தடுப்பூசி போடப் போனபோது பட்டி காலியாக இருந்தது. விடியும் முன்பே ஓட்டிப் போய்விட்டார்களாம். தேடிக்கொண்டு போனால், அத்தனை வெள்ளாடும் ஒரு புளியமரத்தடியில் அசை போட்டுக்கொண்டிருந்தன. முப்பது அடி தள்ளி வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்) காய் உதிர்ந்து கிடக்கிறது, ஒன்றும் எழவில்லை.

"பசிக்காதா அண்ணா?" என்றேன் மேய்ப்பவரிடம்.

"வெயிலு ஏறிச்சின்னா அது வயித்தப் பாக்காது சார், நெழலத்தான் பாக்கும்."

வயிற்றில் தீனி நொதிக்கும்போதே உடம்பில் சூடு கூடும் என்று பயிற்சியில் படித்தவன்தான் நான். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் அந்தச் சூட்டையும் சேர்த்துக்கொள்ளாமல், விடியலிலும் சாயங்காலமும் மேய்ந்து ஆடு சமாளிக்கிறது. படித்தது அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்புறம் நேரம் கிடைத்தபோதெல்லாம் மந்தைக்குப் பின்னால் நடந்தேன். மழைக்குப் பின் புதர்கள் தழைத்திருக்கும்போது, நுனிக் கொழுந்தை மட்டும் கிள்ளிவிட்டு அடுத்த புதருக்குப் போய்விடும். கோடையில் பச்சை இருக்கும் புதர்கள் தூரம் தூரமாகிவிடும். அப்போது ஒரே புதரில் முன்னங்காலைத் தூக்கி வைத்து நின்று, முற்றின இலை வரைக்கும் உருவும். அடுத்த இடம் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு இந்த இடத்தில் கூடுதலாக நிற்பதுதான் லாபம் என்று எரிக் சார்னோவ் என்ற சூழலியல் ஆய்வாளர் 1976இல் கணக்காகவே எழுதியிருக்கிறார். மேய்ப்பவர்களிடம் சொன்னால், இதற்கெல்லாம் கணக்கா என்பது போலப் பார்ப்பார்கள்.

சுற்றுப்புறம் திடீரென்று மாறும்போதுதான் எனக்குப் பயம். பாலாற்றில் வெள்ளம் ஓடிய 2021 நவம்பர் மாதிரி, காய்ந்து கிடந்த நிலம் முழுக்க ஒரே வாரத்தில் இளம்புல் முளைத்துவிடும். இதுவரை காய்ந்த இலை தின்ற வயிறு அதற்குப் பழகியிருக்காது. குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி மளமளவென்று பெருகி விஷத்தைக் கக்கும். துள்ளுமாரி என்பது இதுதான். நன்றாக மேயும் கொழுத்த குட்டிதான் பெரும்பாலும் முதலில் சாகும். அதைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் பேச எனக்கு வார்த்தை வராது.

'தீனி வெறி' என்று அப்போது யாராவது சொன்னால் எனக்கு மனசு ஆறாது. ஆடு அப்படிப்பட்டதல்ல. புதுச் செடியை முதலில் கொஞ்சமாகக் கடித்துப் பார்க்கும், வயிற்றுக்குச் சேராவிட்டால் அடுத்த முறை ஒதுக்கும். குட்டிகள் தாயின் வாயைப் பார்த்துப் பழகுகின்றன. ஆனால் பட்டுத் தெரிந்துகொள்ள முதலில் உயிர் பிழைக்க வேண்டுமே! அறுத்த தாளிலிருந்து மறுபடி துளிர்த்து, தண்ணீரில்லாமல் வாடிய மறுதாம்புச் சோளத்தில் சயனைடு ஏறியிருக்கும். அதைத் தின்ற ஆட்டுக்கு, நான் ஊசியோடு போய்ச் சேரும் வரைக்கும்கூடச் சில சமயம் அவகாசம் இருப்பதில்லை.

இப்போதெல்லாம் தெர்மாமீட்டரை எடுக்கும் முன்பே, எங்கே மேய்ந்தது, எப்போது மேய்ந்தது, நேற்று என்ன தின்றது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். மழைக்கு முன்பே தடுப்பூசி. மழை விட்ட முதல் வாரம் காய்ந்த தட்டையோ வேர்க்கடலைக் கொடியோ போட்டு, வயிறு பாதி நிறைந்த பிறகு பட்டியைத் திறக்கச் சொல்கிறேன். புளியமரத்தடி அண்ணன் போன மழைக்குத் தட்டைக் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஆடுகள் தின்று முடிக்கும் வரை படலைப் பிடித்துக்கொண்டே நின்றார்.