காட்டுல பாகப்பிரிவினைன்னு ஒண்ணு நடக்கவே இல்ல

வைல்ட்லைஃப் டாக்குமென்டரிகள்ல அடிக்கடி வர்ற ஒரு டயலாக் இருக்கு, அதக் கேட்டாலே எனக்கு எரிச்சலா வரும். புலி, சிறுத்தை, செந்நாய்னு மூணையும் அடுத்தடுத்து காட்டிட்டு பின்னாடி மியூசிக்க மெதுவா ஏத்தி, இந்தக் காட்டுல எல்லாருக்கும் இடம் இருக்கு, இவை வளங்களைப் பகிர்ந்து வாழ்கின்றனன்னு ஒரு கம்பீரமான குரல் சொல்லும். ஏதோ மூணும் பெரியவங்க முன்னாடி உக்காந்து பாகப்பிரிவினை பத்திரம் எழுதிக்கிட்ட மாதிரி. ஒரே காட்டுல இருக்குதுங்கங்கறது உண்மைதான், அதுல எனக்கு பிரச்சனை இல்ல. பகிர்ந்துக்குதுங்கன்னு சொல்றதுதான் இடிக்குது. அங்க யாரும் யாருக்கும் விட்டுக் கொடுக்கல, ஒண்ணால இன்னொண்ண முழுசா துரத்த முடியல, அவ்ளோதான் மேட்டர். ஏன் துரத்த முடியலங்கறதுதான் நல்ல கேள்வி, போஸ்ட் கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல துரத்த முடிஞ்ச கதை. ரஷ்யாக்காரர் கியோர்கி காஸ், 1934ல அவரோட புத்தகம் வந்தப்போ அவருக்கு 24 வயசு கூட நிரம்பல. பாரமீசியம்னு ஸ்கூல் பயாலஜில செருப்பு ஷேப்ல படம் போட்டிருப்போமே, அந்த ஒரு செல் ஜந்துல ரெண்டு இனத்த எடுத்து தனித்தனி ட்யூப்ல பாக்டீரியாவ சாப்பாடா போட்டு வளர்த்தார், ரெண்டுமே நல்லா பெருகுச்சு. அப்புறம் ரெண்டையும் ஒரே ட்யூப்ல விட்டார். சில வாரத்துல ஆரேலியாங்கற சின்னது மட்டும் மிச்சம், காடேட்டம்ங்கற பெருசு காலி. யாரும் யாரையும் கடிக்கல, இருந்த சாப்பாட்ட வச்சு ஒண்ணு வேகமா பெருகுச்சு, இன்னொண்ணு தேஞ்சு போச்சு. ஒரே எடத்துல ஒரே மாதிரி பொழைக்கிற ரெண்டு இனம் நிரந்தரமா சேர்ந்து இருக்க முடியாதுன்னு புத்தகங்கள்ல வர்ற விதிக்கு இவர் பேரத்தான் வச்சிருக்காங்க.

ஆனா எனக்குப் பிடிச்சது அதே ஆளு பண்ண இன்னொரு சோதனை. தோத்துப்போன காடேட்டத்த பர்சேரியான்னு மூணாவது ஒரு இனத்தோட விட்டுப் பாத்தார், இந்த தடவ ரெண்டுமே பொழச்சுக்கிச்சு. காடேட்டம் மேல்பாதில மிதக்குற பாக்டீரியாவ தின்னுச்சு, பர்சேரியா அடியில படிஞ்ச ஈஸ்ட்ட தின்னுச்சு. அடியில ஆக்சிஜன் கம்மி, மத்ததுங்களுக்கு அங்க கஷ்டம், ஆனா பர்சேரியா ஒடம்புக்குள்ளயே பச்சைப் பாசி குடியிருக்கு, அது வெளிச்சத்துல ஆக்சிஜன் விடும், அதனால இதுக்கு அங்க மூச்சு முட்டாது. ஒரு சின்ன கண்ணாடி ட்யூபு, அதுக்குள்ளயே மேல் வீடு கீழ் வீடுன்னு ஆயிருச்சு பாருங்க.

இப்போ லேப்ப விட்டு வெளிய வருவோம். அமெரிக்காவோட வடகிழக்குல மெய்ன், வெர்மான்ட் பக்கம் ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரக் காடு, அதுல அஞ்சு வகை வார்ப்ளர் குருவி. அஞ்சும் கிட்டத்தட்ட ஒரே சைஸ், ஒரே மாதிரி அலகு, அஞ்சும் பூச்சி தின்னி, அதுவும் ஒரே மரத்துல. காஸ் சொன்னபடி பாத்தா நாலு காணாமப் போயிருக்கணும். ராபர்ட் மெக்ஆர்தர் அங்க போய் என்ன பண்ணார்னா, மரத்த மனசுக்குள்ள கட்டம் போட்டுக்கிட்டார், உயரத்துல பத்தடிக்கு ஒரு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கையும் தண்டு ஒட்டின மொட்டைப் பகுதி, நடுக்கிளை, புது ஊசியிலை வர்ற நுனின்னு மூணா பிரிச்சு, எந்த குருவி எந்த கட்டத்துல எத்தன செகண்ட் இருக்குன்னு எண்ணிக்கிட்டே நின்னார். யோசிச்சுப் பாருங்க, உள்ளங்கைக்குள்ள அடங்குற குருவி, ஒரு கிளையில ரெண்டு செகண்ட் நிக்காது, அதுவும் இருட்டா அடர்ந்த மரத்துல, கழுத்து என்னத்துக்கு ஆகும். 1958ல பேப்பர் வந்துச்சு. கேப் மே வார்ப்ளர் உச்சியோட வெளி நுனில, பே பிரெஸ்டட் நடு உயரத்துல உள்பக்கம், மர்ட்டில் பெரும்பாலும் கீழ, ஆனா எங்க வேணாலும் அலையும், இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஏரியா. எடம் மட்டும் இல்ல, தேடுற விதமும் வேற, ஒண்ணு கிளையோட நீளவாக்குல உள்ளருந்து வெளிய நடக்கும், ஒண்ணு குறுக்கால தாவும், ஒண்ணு பறந்து வந்து கொத்தும். ஒரே மரத்துல இருந்தாலும் கண்ணுல படுற பூச்சி வேற வேற.

இந்த ஆய்வ எல்லா பாடப்புத்தகத்துலயும் போட்டு, பாத்தீங்களா எப்படி அழகா பிரிச்சுக்கிச்சுங்கன்னு முடிச்சிடுவாங்க. எனக்கு அங்கதான் ஒரு சந்தேகம் நிக்கும். ஒவ்வொண்ணும் வேற வேற எடத்துல இருக்குங்கறது ஒரு போட்டோ மாதிரி, அது அங்க இருக்கறது பக்கத்துல இருக்கறது நெருக்கறதாலயா, இல்ல அதுக்கு அங்கதான் பிடிக்கும்ங்கறதாலயான்னு போட்டோவ பாத்து சொல்ல முடியாது. தெரியணும்னா ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ணு என்ன பண்ணுதுன்னு பாக்கணும்.

அத பண்ணவர் ஜோசஃப் கான்னல், ஸ்காட்லாந்துல கம்ப்ரே தீவோட கடற்கரைப் பாறைங்கள்ல. பார்னக்கிள் தெரியும்ல, பாறையிலயும் படகு அடியிலயும் வெள்ளையா சின்ன எரிமலை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமே, குட்டில தண்ணில நீந்தி வந்து ஒரு எடத்துல ஒட்டிக்கிச்சுன்னா அவ்ளோதான், ஆயுசுக்கும் நகராது. அந்த பாறைல மேல் வரிசையில தாமலஸ்னு ஒரு சின்ன வகை, கீழ் வரிசையில பலானஸ்னு பெரிய வகை, நடுவுல கோடு போட்ட மாதிரி பிரிஞ்சிருக்கும். பாத்தா என்ன தோணும், இதுக்கு மேல பிடிக்கும் அதுக்கு கீழ பிடிக்கும்னுதான. கான்னல் கவனிச்சது என்னன்னா தாமலஸ் குட்டிங்க கீழயும் வந்து ஒட்டத்தான் செய்யுது, ஆனா வளந்து பெருசாகறது மேல இருக்கறது மட்டும்தான். அதனால சில எடத்துல தாமலஸ சுத்தி இருந்த பலானஸ மட்டும் சுரண்டி எடுத்துட்டு, ஒவ்வொரு ஜந்தும் எங்க இருக்குன்னு மேப் போட்டு, திரும்ப திரும்ப வந்து பாத்தார். சுரண்டின எடத்துல தாமலஸ் கீழயும் ஜம்முனு வளந்துச்சு. சுரண்டாத எடத்துல பலானஸ் வேகமா வளந்து, அது மேலயே ஏறி மூடி, இல்லேன்னா ஓட்டுக்கு அடியில நெம்பி பாறையிலருந்து பேத்து, இல்லேன்னா ரெண்டு பக்கமும் நெருக்கி நசுக்கி கொன்னுருச்சு. பலானஸால மேல ஏற முடியாததுக்கு காரணம் தாமலஸ் இல்ல, வெயில்தான், கடல் உள்வாங்கி காயுற நேரத்த அதால தாங்க முடியாது, தாமலஸால முடியும். ஆக மேல் வரிசை தாமலஸோட பங்கு கிடையாது, எதிரி வர முடியாத எடத்துல மிஞ்சின உசுருங்க, அவ்ளோதான். 1961ல வந்த இந்த ஆய்வுக்கு அப்புறம் பகிர்ந்து வாழ்கின்றனன்னு யாராவது சொன்னா எனக்கு அந்த நசுங்கின ஓடுதான் ஞாபகம் வரும்.

எடத்துக்கு மட்டும் இல்ல, நேரத்துக்கும் இதே கதைதான். சாவுக்கடல் பக்கம் பாறைப் பாலைவனத்துல முதுகுல முள்ளு மாதிரி முடி இருக்கற எலி ரெண்டு வகை, ஒண்ணு ராத்திரி சுத்தும், பொன்னிறமா இருக்கற இன்னொண்ணு பகல்ல. ராத்திரி எலிய பிடிச்சு அப்புறப்படுத்தின எடத்துல பகல் எலி ராத்திரியும் வெளிய வர ஆரம்பிச்சுருச்சு. இதுல கொடுமை என்னன்னா அந்த பகல் எலியோட கண்ணு இன்னமும் ராத்திரி மிருகத்தோட கண்ணு மாதிரிதான் இருக்கு.

அப்புறம் புளோரிடா ஓணான் மாதிரி பல்லிங்க. அங்க பச்சை அனோல் உள்ளூர்க்காரன், கியூபாவுலருந்து வந்த பழுப்பு அனோல் வந்தேறி. குட்டி குட்டி தீவுங்கள்ல, சிலதுல மட்டும் பழுப்ப 1995ல கொண்டு போய் விட்டாங்க. கொஞ்ச மாசத்துலயே பச்சை மரத்துல மேல ஏறிடுச்சு. 15 வருஷம் கழிச்சு, அதாவது சுமார் 20 தலைமுறை, போய் அளந்தா பழுப்பு இருந்த தீவுல பச்சையோட விரல் அடியில இருக்கற ஒட்டுப்பட்டை பெருசாயிருந்துச்சு, வழுவழு மெல்லிய கிளைய பிடிக்க வசதியா. நெருக்கல் இப்போ ஒடம்புலயே பதிஞ்சிருச்சு. இப்படியே போனா என்னைக்காவது ஒரு நாள் பழுப்ப எடுத்துட்டா கூட பச்சை கீழ வராம மேலயே இருக்கலாம், அப்போ பாக்கறவங்களுக்கு போட்டி நடந்த தடயமே தெரியாது. கான்னலே 1980ல இதுக்கு பழைய போட்டியோட பேய்னு பேர் வச்சார், ஆனா கிண்டலா, எல்லா வித்தியாசத்துக்கும் ஆதாரமே இல்லாம இந்தப் பேய் மேல பழி போடாதீங்கன்னு சொல்றதுக்காக. எனக்கு அந்த ஆள பிடிக்கறதுக்கு இது இன்னொரு காரணம்.

சரி, இவ்ளோ நெருக்கல் இருந்தும் ஏன் ஒண்ணு மட்டும் ஜெயிச்சு மொத்தத்தையும் சுருட்டல? கணக்குல பாத்தா பதில் ரொம்ப எளிமை. ஒரு இனம் அடுத்த இனத்துக்கு கொடுக்கற தொல்லைய விட தனக்குத் தானே கொடுத்துக்கற தொல்லை அதிகமா இருக்கணும், ரெண்டு பக்கமும். அப்போ ஒண்ணு எண்ணிக்கைல ஏறுனா முதல்ல அடி வாங்கறது அதோட சொந்தக்காரங்கதான், அதனால வேகம் கொறையும், கொறைஞ்சு போனது மறுபடி எழுந்திரிக்க எடம் கிடைக்கும். வேற வேற சாப்பாடு, வேற வேற நேரம், வேற வேற அடுக்கு, இதெல்லாம் இந்த நெலமைக்கு வந்து சேர்ற வழிங்க. நோய் கூட ஒரு வழி. மழைக்காட்டுல ஒரு மரத்தோட விதை நெறைய விழறது தாய் மரத்தடில, ஆனா அந்த மரத்துக்குன்னே இருக்கற பூச்சியும் பூஞ்சையும் கூடி இருக்கறதும் அங்கதான், அதனால அம்மா காலடியில புள்ளைங்க தேறாது, அந்த எடம் வேற மரத்துக்குப் போகும். ஜான்சனும் நம்ம கான்னலும் 1970, 71ல தனித்தனியா சொன்னது இது. ஒரு காட்டுல நூத்துக்கணக்குல மர வகை எப்படி இருக்குங்கறதுக்கு முழு பதில் இது இல்ல, ஆனா நல்ல ஒரு பகுதி.

புலி சிறுத்தை செந்நாய்க்கு வருவோம். நாகரஹொளேல உல்லாஸ் கரந்தும் சன்குயிஸ்ட்டும் எச்சத்தையும் வேட்டையாடின மிச்சத்தையும் வச்சு பாத்ததுல, புலி அடிக்கறது சராசரியா சுமார் 90 கிலோ, காட்டுமாடு கடமான்னு பெருசு பெருசா, சிறுத்தையும் செந்நாயும் சுமார் 40 கிலோ அக்கம்பக்கம். சிறுத்தையும் செந்நாயும் சைஸ்ல கிட்ட வந்துருது பாருங்க, ஆனா செந்நாய் கூட்டமா பகல்ல ஓட வச்சு பிடிக்கும், சிறுத்தை தனியா பதுங்கும். முக்கியமா அந்தக் காட்டுல எல்லா சைஸ்லயும் இரை நெறைய இருக்கு, அதனாலதான் இது ஓடுது. பெரிய இரைய வேட்டைக்காரங்க காலி பண்ணின காட்டுல புலியும் புள்ளிமானுக்கு எறங்கி வரும், அப்போ சிறுத்தைக்கு என்ன மிஞ்சும்னு நீங்களே யோசிங்க.

ஆப்பிரிக்காவோட செரங்கெட்டி புல்வெளில இன்னும் ஒரு படி மேல, ஒண்ணு தின்னு போட்டது அடுத்ததுக்கு வசதி. வரிக்குதிரை முரட்டுத் தண்டையும் தின்னு தள்ளிடும், அதுக்கு செரிமானம் மோசம்தான் ஆனா வேகமா நெறைய உள்ள போகும், அதுக்குப் பின்னாடி வர்ற வைல்டபீஸ்டுக்கு இலை கிடைக்கும், கடைசியா வர்ற தாம்சன் மானுக்கு தரையோரத் துளிர். இதையும் உதவின்னு சொல்லிடாதீங்க, வரிக்குதிரைக்கு மானப் பத்தி எந்த அக்கறையும் இல்ல.

இன்னொரு வழி, ஜெயிக்கப் போறவன யாராவது தின்னுட்டே இருக்கறது. வாஷிங்டன் மாநிலக் கரைல ராபர்ட் பெய்ன் ஒரு பாறைப் பகுதிலருந்து நட்சத்திர மீன மட்டும் பிடுங்கி கடல்ல வீசிட்டே இருந்தார். நட்சத்திர மீன் தின்னுக்கிட்டிருந்த சிப்பி பரவி பாறைய மூடிடுச்சு, 15 வகையா இருந்தது 8 ஆயிருச்சு. 1966 பேப்பர்.

இதே மாதிரி நிலத்துலயும் ஒண்ணு. வட அமெரிக்க சாம்பல் அணில 1876ல இங்கிலாந்துல கொண்டு வந்து விட்டாங்க, அது உள்ளூர் சிவப்பு அணில பெரும்பாலான எடத்துலருந்து காலி பண்ணிடுச்சு, சாப்பாட்டுப் போட்டி ஒரு பக்கம், சாம்பல் சுமந்துட்டு வந்த அம்மை வைரஸ் இன்னொரு பக்கம், அது சாம்பல ஒண்ணும் பண்ணாது, சிவப்ப கொல்லும். இங்க எந்தப் பங்கும் கிடையாது, காஸோட ட்யூப் கததான். ஆனா அயர்லாந்தோட நடுப்பகுதில பைன் மார்ட்டன்னு மரநாய் மாதிரி ஒரு வேட்டை மிருகம், அழிவோட விளிம்புக்குப் போயி பாதுகாப்பு கிடைச்சதும் திரும்ப பெருகுச்சு, அது பெருகின எடத்துல சாம்பல் சரிஞ்சு சிவப்பு திரும்ப வந்துருச்சு. சிவப்பு அணில் மார்ட்டனோட ஆயிரக்கணக்கான வருஷமா வாழ்ந்து பழகினது, சாம்பலுக்கு இந்த மிருகம் புதுசு. ஆனா மார்ட்டன் ஊருக்குள்ள அவ்வளவா வராது, அதனால நகரத்துப் பூங்காக்கள்ல சாம்பல் அணில் இன்னமும் கொழுத்துப் போய்தான் திரியுது.